எஸ்எஸ்டி மாட்டிய பிறகு வரும் சிக்கல்கள்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) மாட்டுவது பத்து நிமிட வேலை. ஆனால் மாட்டி, மூடி, பவர் பட்டனை அழுத்திய பிறகு கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டு நின்றால் வயிற்றைக் கலக்கும். அந்த நேரத்தில் பலரும் "புது எஸ்எஸ்டி அவுட்" என்று முடிவுகட்டி, திருப்பி அனுப்பப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நான் கையில் எடுத்துப் பார்த்த கணினிகளில் எஸ்எஸ்டியே பழுதாக வந்தது மிக அபூர்வம். சரியாக உட்காராத இணைப்பு, பொருந்தாத ஸ்லாட், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் மதர்போர்டின் செட்டிங் திரை) மாறிக்கிடக்கும் ஒரு செட்டிங், க்ளோன் (பழைய டிஸ்கை அப்படியே புதியதில் நகலெடுப்பது) எடுக்கும்போது விட்டுப்போன ஒரு சின்ன பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்து வைத்த பகுதி), இந்த நாலில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

தொடங்கும் முன் ஒன்று. புது டிஸ்கில் கணினி இரண்டு வாரமாவது ஒழுங்காக ஓடும் வரை பழைய டிஸ்கை ஃபார்மட் செய்யாதீர்கள், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பத்து வருடப் போட்டோக்கள் அதில்தான் இருக்கின்றன. கீழே சொல்வது எல்லாமே பழைய டிஸ்க் பத்திரமாக இருக்கிறது என்பதை வைத்துத்தான்.

முதல் கேள்வி: பயாஸில் தெரிகிறதா?

அறிகுறி எதுவாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கணினியை ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான கணினிகளில் பயாஸ் திறக்கும். சிலவற்றில் எஃப்10, எஃப்1 என்று மாறும். உள்ளே ஸ்டோரேஜ் அல்லது சாட்டா அல்லது என்விஎம்இ (பின்னவை இரண்டும் டிஸ்க் கணினியோடு பேசும் முறைகள், என்விஎம்இ வேகமானது) என்ற பகுதியில் புது டிஸ்கின் மாடல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லையென்றால் பிரச்சினை இணைப்பிலோ, ஸ்லாட்டிலோ, மதர்போர்டிலோ, அபூர்வமாக டிஸ்கிலோதான், விண்டோஸை எத்தனை முறை மறுபடி போட்டாலும் பலன் இருக்காது. பெயர் இருந்தால் டிஸ்க் உயிரோடுதான் இருக்கிறது, ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள், மீதி எல்லாம் செட்டிங் வேலை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் அரை நாளை வீணடித்தவர்கள் நிறையப் பேர்.

பயாஸிலேயே பெயர் வரவில்லை

2.5 அங்குல சாட்டா டிஸ்க் என்றால் டெஸ்க்டாப்பில் இரண்டு கேபிள் போக வேண்டும், ஒன்று பவர், இன்னொன்று டேட்டா. ஒன்றை மட்டும் சொருகிவிட்டு மறந்துபோவது நடக்கிற விஷயம்தான். இரண்டும் இருந்தும் தெரியவில்லையென்றால், பழைய ஹார்ட் டிஸ்குக்கு வேலை செய்துகொண்டிருந்த அதே கேபிளை, அதே போர்ட்டோடு சேர்த்து, எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பில், பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் என்று இருக்கும். அந்த இடைவெளியில் டிஸ்க் கொஞ்சம் தொங்கி, கனெக்டரிலிருந்து லேசாக விலகி நிற்கும். பழைய டிஸ்கைப் பிடித்திருந்த உலோகச் சட்டத்தைக் கழற்றி புதியதில் மாட்டினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

எம்.2 வகை (மதர்போர்டிலேயே நேராகச் சொருகும் சின்ன கார்டு) என்றால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தவறு நடக்க இடம் அதிகம். கார்டை ஸ்லாட்டில் சாய்வாக நுழைக்க வேண்டும், படுக்கவைத்துத் தள்ளக் கூடாது. சரியாக உள்ளே போனால் தங்க நிறக் கோடுகள் அநேகமாகக் கண்ணுக்கே தெரியாது, கையை எடுத்ததும் கார்டு தானாகவே சாய்ந்து மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பிறகு மறுமுனையை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூ போட வேண்டும். என் அக்காவின் லேப்டாப்பில் டிஸ்க் ஒரு நாள் தெரியும், மறுநாள் காணாமல் போகும். திறந்து பார்த்தால் ஸ்க்ரூ முடுக்கித்தான் இருந்தது. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தபோதுதான், தங்கக் கோடு அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பக்கம் மட்டும் வெளியே எட்டிப்பார்த்தது தெரிந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி, கார்டை வெளியே எடுத்து, மறுபடி சாய்வாக இறுக்கி நுழைத்தேன், அதோடு சரியானது. ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறது என்பதற்காக உள்ளே சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். இன்னொன்று, லேப்டாப்பில் கை வைக்கும் முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். கணினி அணைந்திருந்தாலும் போர்டில் மின்சாரம் இருந்துகொண்டுதான் இருக்கும்.

நன்றாக உட்கார்ந்தும் தெரியவில்லையா? அப்படியென்றால் வகை பொருந்துகிறதா என்று பாருங்கள். எம்.2 என்பது வெறும் வடிவம்தான். அதே வடிவத்தில் சாட்டா டிஸ்கும் வருகிறது, என்விஎம்இ டிஸ்கும் வருகிறது. சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ மாட்டினாலும், என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா மாட்டினாலும், பல நேரம் அழகாக உள்ளே போய் உட்காரும், ஆனால் வேலை செய்யாது. கார்டில் தங்கக் கோடுகள் உள்ள முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ என்று சொல்வார்கள். இரண்டு வெட்டு உள்ள என்விஎம்இ கார்டுகளும் உண்டு, அதனால் வெட்டை நம்பாமல் லேபிளில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஸ்லாட் எதை ஏற்கும் என்பது மதர்போர்டின் மேனுவலில் ஒரு அட்டவணையாக இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது இன்னொரு வரியையும் தேடுங்கள்: பல போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் டிஸ்க் போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் தானாகவே அணைந்துவிடும். "புதுசு போட்டதும் பழைய டிஸ்க் செத்துப்போச்சு" என்று பதறுபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். பழைய டிஸ்கின் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

அடாப்டர் கார்டு வைத்துப் பழைய போர்டில் என்விஎம்இ போட்டிருக்கிறீர்கள், விண்டோஸ் உள்ளே தெரிகிறது, ஆனால் பூட் (கணினி டிஸ்கிலிருந்து எழுந்து வருவது) பட்டியலில் மட்டும் வரவில்லை என்றால், அந்தப் போர்டின் பயாஸுக்கு என்விஎம்இ-யிலிருந்து பூட் செய்யத் தெரியாது என்று அர்த்தம். 2014-க்கு முந்தைய போர்டுகளில் இது சகஜம். பயாஸ் அப்டேட் இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் சாட்டா எஸ்எஸ்டியே உங்களுக்குப் போதும். ஹார்ட் டிஸ்கிலிருந்து வருபவருக்கு அன்றாட வேலையில் அதுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் இல்லை

இரண்டாவது டிஸ்காகச் சேர்த்திருந்தால் இது கோளாறே இல்லை. புது டிஸ்க் வெறும் நிலம் மாதிரி, வேலி போட்டு, பெயர் வைத்தால்தான் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் தெரியும். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்கும். ஜிபிடி, எம்பிஆர் என்று இரண்டு வகை பார்ட்டிஷன் அட்டவணை காட்டும், ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுத்து, காலி இடத்தை ரைட் கிளிக் செய்து நியூ சிம்பிள் வால்யூம் கொடுங்கள். எம்பிஆர் வகை 2 டிபிக்கு மேல் பயன்படுத்த விடாது, அதனால் இன்றைக்கு அதற்குப் பெரிய தேவை இல்லை.

ஆனால் ஏற்கெனவே டேட்டா இருந்த டிஸ்கை மாட்டும்போது இந்தக் கேள்வி வந்தால் உடனே ஓகே கொடுக்காதீர்கள். அந்த டிஸ்கின் பார்ட்டிஷன் அட்டவணை படிக்க முடியாமல் போயிருக்கிறது என்று பொருள், இனிஷியலைஸ் செய்தால் மீட்பு வேலை இன்னும் கடினமாகும்.

க்ளோன் எடுத்த பிறகு ஒரு டிஸ்க் "ஆஃப்லைன்" என்று காட்டினால், இரண்டு டிஸ்குக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறது. இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, கீழே க்ளோன் பகுதிக்கு வாருங்கள்.

விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கிறது

இன்டெல் 11-ஆம் தலைமுறை பிராசஸரும் அதற்குப் பிறகு வந்தவையும் உள்ள லேப்டாப்களில் இது மிகப் பரவலாக நடக்கிறது. பயாஸில் விஎம்டி என்று ஒரு வசதி ஆன் ஆகியிருக்கும். அது டிஸ்குக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நிற்கும், இன்ஸ்டாலருக்கோ அதன் டிரைவர் (அதோடு பேச உதவும் மென்பொருள்) தெரியாது. இரண்டு வழி உண்டு. இன்டெலின் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி டிரைவரை உங்கள் லேப்டாப் மாடலின் சப்போர்ட் பக்கத்திலிருந்து இறக்கி, பிரித்து, பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் வைத்து, இன்ஸ்டாலரில் லோட் டிரைவர் கொடுப்பது ஒன்று. விஎம்டி-யை பயாஸில் அணைத்துவிடுவது இன்னொன்று. ஒரே ஒரு டிஸ்க், புதிதாக விண்டோஸ் போடுகிறீர்கள் என்றால் அணைத்துவிடுவதுதான் சுலபம் என்பேன். ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் என்றால் திடீரென்று அணைக்காதீர்கள், நீலத் திரையில் போய் நிற்கும்.

க்ளோன் முடிந்தது, ஆனால் பூட் ஆகவில்லை

இதுதான் எல்லாரையும் அழவைக்கும் இடம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மூன்று மணி நேரம் க்ளோன் ஓடி, நூறு சதவீதம் காட்டி, கடைசியில் "நோ பூட்டபிள் டிவைஸ்". திரையில் என்ன வருகிறது என்பதை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

நோ பூட்டபிள் டிவைஸ் என்று வந்தால், பெரும்பாலும் சி டிரைவை மட்டும் க்ளோன் செய்திருப்பீர்கள். விண்டோஸ் சி டிரைவில் இருந்தாலும் அதை எழுப்புகிற ஃபைல்கள் டிஸ்கின் தொடக்கத்தில் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கின்றன. சாதாரணமாக நூறு எம்பி அளவுதான், டிரைவ் லெட்டர் கூட இருக்காது, அதனால் யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை. க்ளோன் மென்பொருளில் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுக்காமல் முழு டிஸ்கையும் தேர்ந்தெடுத்து மறுபடி செய்யுங்கள். க்ளோன்ஸில்லா மாதிரி இலவசக் கருவியில் இதற்கு "டிஸ்க் டு டிஸ்க்" என்றே தனி வழி உண்டு. ஆனால் அது இயல்பாகப் பழைய டிஸ்கைவிடச் சின்ன டிஸ்குக்கு எடுக்காது, அப்படியானால் முதலில் பழைய டிஸ்கின் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும்.

க்ளோன் முழுசாக எடுத்தும் வரவில்லையென்றால், பழைய டிஸ்கை முழுவதுமாகக் கழற்றிவிட்டு முதல் முறை ஆன் செய்யுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் மாட்டியிருந்தால் வெறும் பூட் வரிசை குழப்பம் மட்டும் அல்ல, இன்னும் மோசமான ஒன்று நடக்கும்: கணினி பழைய டிஸ்கிலிருந்தே எழுந்து வரும், நீங்கள் "க்ளோன் வேலை செய்கிறது" என்று நம்பி ஒரு வாரம் புதுசு புதுசாக ஃபைல்களைச் சேமிப்பீர்கள், எல்லாம் பழைய டிஸ்கில் போய்ச் சேரும், அப்புறம் ஒரு நாள் அதை ஃபார்மட் செய்துவிடுவீர்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவ் எந்த டிஸ்கின் வரிசையில் இருக்கிறது, அதன் கீழே "பூட்" என்று எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

பழைய விண்டோஸ் எம்பிஆர் வகையில், லெகசி என்ற பழைய முறையில் பூட் ஆகிக்கொண்டிருந்து, புது டிஸ்க் என்விஎம்இ என்றால், க்ளோன் எத்தனை கச்சிதமாக இருந்தாலும் பல போர்டுகளில் பூட் ஆகாது. என்விஎம்இ-யிலிருந்து பூட் செய்ய யுஇஎஃப்ஐ என்ற புதிய முறை தேவை. விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, எம்பிஆர் டிஸ்கை யுஇஎஃப்ஐ-க்குத் தேவையான ஜிபிடியாக மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளேயே வருகிறது. முதலில் அதன் வேலிடேட் வசதியை ஓட்டுங்கள், பிழை இல்லை என்று சொன்னால் கன்வர்ட் கொடுங்கள், பிறகு பயாஸில் லெகசி அல்லது சிஎஸ்எம் என்பதை அணைத்து யுஇஎஃப்ஐ-க்கு மாற்றுங்கள். க்ளோன் எடுத்த புது டிஸ்கில்தான் இதைச் செய்ய வேண்டும், ஒரிஜினலில் அல்ல.

நீலத் திரையில் "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" வந்தால் ஒரு விதத்தில் நல்ல செய்தி. பூட் ஃபைல்கள் கிடைத்துவிட்டன, டிஸ்கோடு பேசும் டிரைவர்தான் விண்டோஸுக்குத் தொடக்கத்திலேயே கிடைக்கவில்லை. சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்கு மாறும்போதும், பயாஸில் டிஸ்கோடு பேசும் முறை ரெய்டு என்று இருந்ததை ஏஹெச்சிஐ என்று மாற்றும்போதும் இது வரும். வைத்தியம் சேஃப் மோடில் (அவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் முறை) ஒரே ஒரு முறை பூட் செய்வது. ஏஹெச்சிஐ மாற்றம் என்றால், மாற்றும் முன்பே விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் பக்கத்தில் சேஃப் பூட் டிக் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்து, நேராக பயாஸுக்குள் போய் மாற்றிவிட்டு வெளியே வாருங்கள். சேஃப் மோடு வந்துவிட்டால் தேவையான டிரைவர் எழுந்துவிட்டது. எம்எஸ்கான்ஃபிக்கில் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். டிக்கை எடுக்க மறந்தால் ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே வரும், பயந்துவிடாதீர்கள்.

பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால், டிஸ்க் பூட்டப்பட்டிருந்ததே உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தவுடன் அது தானாகவே ஆன் ஆகிறது. கீ அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், போனில் உள்நுழைந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம். இனி செய்யப்போகிறவர்கள் க்ளோன் எடுக்கும் முன்பே என்கிரிப்ஷனை அணைத்து, டிக்ரிப்ட் முழுதாக முடியும் வரை காத்திருங்கள். பயாஸில் எதையாவது மாற்றும் முன் கீயைக் காகிதத்தில் எழுதி வைப்பது இன்னும் நல்லது.

க்ளோன் பாதியில் நின்றுவிடுகிறது

23 சதவீதம், அல்லது 61 சதவீதம், எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் பழைய ஹார்ட் டிஸ்கில் பேட் செக்டர் (படிக்க முடியாமல் கெட்டுப்போன இடம்) இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே "இன்னொரு தடவை ட்ரை பண்ணலாம்" என்று திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள், சாகக் கிடக்கும் டிஸ்கை ஓட விடுகிற மாதிரி அது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் பழைய டிஸ்கைத் திறந்து, ரீஅலொகேட்டட் செக்டர்ஸ், கரன்ட் பெண்டிங் செக்டர் என்ற இரண்டு வரியையும் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் க்ளோனை மறந்துவிட்டு, முதலில் போட்டோ, ஆவணம் போன்ற திரும்பக் கிடைக்காதவற்றை மட்டும் வேறு டிஸ்குக்கு நகலெடுங்கள். பிறகு எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் போடுங்கள். டேட்டா தான் முக்கியம், விண்டோஸை ஒரு மணி நேரத்தில் மறுபடி போட்டுவிடலாம்.

அளவு குறைவாகக் காட்டுகிறது

500 ஜிபி வாங்கினால் 465 என்றும், 1 டிபி வாங்கினால் 931 என்றும் காட்டுவது சரியான கணக்குதான். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அதைவிட ரொம்பக் குறைவாக, பழைய டிஸ்கின் அளவே தெரிகிறது என்றால், மீதி இடம் டிஸ்க் மேனேஜ்மென்டில் அன்அலொகேட்டட் என்று கறுப்புப் பட்டையாக இருக்கும். எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாக இருந்தால் சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பார்ட்டிஷன் கருவியால் அதைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு எக்ஸ்டெண்ட் செய்யுங்கள்.

எஸ்எஸ்டி போட்டும் மெதுவாகவே இருக்கிறது

முதலில் சி டிரைவ் உண்மையிலேயே எஸ்எஸ்டியில்தான் இருக்கிறதா என்று, மேலே சொன்ன மாதிரி, பாருங்கள். இருக்கிறது என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிரான்ஸ்ஃபர் மோடு என்ற வரி: சாட்டா டிஸ்கில் இரண்டு எண் இருக்கும், முதல் எண் இப்போது ஓடும் வேகம், இரண்டாவது எண் டிஸ்கால் முடிந்த வேகம். 300 | 600 என்று இருந்தால் பழைய சாட்டா 2 போர்ட்டில் மாட்டியிருக்கிறீர்கள். போர்டில் வேறு நிறத்தில் 6 ஜிகாபிட் போர்ட் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி (டிஸ்கைப் பிடித்து வைக்கும் சட்டம்) வைத்து எஸ்எஸ்டி போட்டவர்கள், அதை மெயின் இடத்துக்கும் ஹார்ட் டிஸ்கை கேடிக்கும் மாற்றிப் போடுங்கள். பல லேப்டாப்களில் டிவிடி பக்கத்து இணைப்பு மெதுவானது.

பெரிய ஃபைலை நகலெடுக்கும்போது மட்டும் நன்றாகத் தொடங்கி, நடுவில் வேகம் தரைக்கு வந்துவிடுகிறதா? அது அந்த டிஸ்கின் இயல்பு. எஸ்எஸ்டி ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாக வைத்துக்கொள்ளும், அது நிரம்பியதும் நிஜ வேகம் தெரிய வரும். க்யூஎல்சி வகை (ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் வகை) மலிவு மாடல்கள் சிலவற்றில் வேகம் ஒரு நொடிக்கு 100 எம்பிக்கும் கீழே இறங்கும். டிஸ்க் நிறைய நிறைய அந்த இடமும் சுருங்குவதால், பத்து இருபது சதவீதமாவது காலியாக விட்டு வையுங்கள். என்விஎம்இ என்றால் வெப்பத்தையும் பாருங்கள். எழுபது எண்பது டிகிரியைத் தொட்டதும் பல மாடல்கள் தானாகவே வேகத்தைக் குறைக்கும். ஹீட்சிங்க் போட்டிருந்தும் சூடாகிறது என்றால், அதன் பேடில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? பலர் உரிப்பதில்லை.

டிஃப்ராக்மென்ட் (சிதறிய ஃபைல்களை ஒன்றாக அடுக்குவது) தேவையில்லை. ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் ஜன்னலில் மீடியா டைப் "சாலிட் ஸ்டேட் டிரைவ்" என்று காட்டினால் விண்டோஸ் ட்ரிம் (அழித்த ஃபைல்களின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். இதெல்லாம் சரியாக இருந்தும் மெதுவென்றால், டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பாருங்கள். 4 ஜிபி ரேம் நிரம்பி வழிகிறது என்றால் தடை வேறு இடத்தில் இருக்கிறது.

திடீரென்று அரை நிமிடம் உறைந்து நிற்கிறது

மவுஸ் நகர்கிறது, வேறு எதுவும் நகரவில்லை, பிறகு எல்லாம் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுகிறது. என் டெஸ்க்டாப்பில் இது தினமும் நடந்தது, விண்டோஸை மறுபடி போட்டும் போகவில்லை. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்தபோது, உறைந்த அதே நேரத்தில் 129 என்ற எண்ணோடு "ரீசெட் டு டிவைஸ்" எச்சரிக்கை வரிசையாக நின்றது. டிஸ்கிடமிருந்து பதில் வராமல் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பிய பதிவுதான் அது. பிறகு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி7 வரி, அதாவது சிஆர்சி எரர் கவுண்ட், 41 என்று இருந்தது, மறுநாள் 58. வழியில் சிதைந்துபோகும் டேட்டாவைத்தான் அந்த எண் எண்ணுகிறது, அது ஏறினால் சந்தேகம் முதலில் கேபிள் மேல்தான். டேட்டா கேபிளை மாற்றினேன், அடுத்த ஒரு மாதமும் 58-லேயே நின்றது. அந்த எண் குறையாது, ஏறாமல் நின்றால் போதும்.

எண் ஏறவில்லை, ஆனாலும் உறைகிறது என்றால் பவர் ஆப்ஷன்ஸில் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை அணைத்துப் பாருங்கள், டிஸ்க் தயாரிப்பாளரின் கருவியில் ஃபர்ம்வேர் (டிஸ்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபர்ம்வேர் போடும் முன் பேக்கப், அதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

எப்போது திருப்பி அனுப்பலாம்

வேறொரு கணினியிலோ, சரியான வகை யுஎஸ்பி உறையிலோ மாட்டியும் தெரியவில்லை. அல்லது தெரிகிறது, ஆனால் மாடல் பெயருக்குப் பதில் ஏதோ சிப்பின் பெயரும் சில எம்பி அளவும் மட்டும் காட்டுகிறது. அல்லது எழுதிய ஃபைலைத் திரும்பப் படித்தால் வேறாக இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று என்றால் டிஸ்கேதான் பழுது, வாரண்டியில் கொடுத்துவிடுங்கள். யுஎஸ்பி உறையில் சோதிக்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: எம்.2 உறைகளிலும் சாட்டாவுக்கு ஒன்று, என்விஎம்இ-க்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. தவறான உறையில் போட்டு, நல்ல டிஸ்கைப் பழுது என்று அனுப்பிவிடாதீர்கள்.